அர்லீன் உட்காரும் பக்கம்

நவம்பர் 6, புதன்

இந்த நோட்டு மருத்துவமனையில் கொடுத்தது. என் மனைவி அர்லீன் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள், எத்தனை முறை இருமினாள் என்று நான் எழுதி வைக்க வேண்டுமாம். முதல் பக்கத்தில் அதை எழுதினேன். மீதிப் பக்கத்தில் என் பாடுகளை எழுதுகிறேன். யார் கேட்கப்போகிறார்கள்?

எங்கள் வேன் பழுதாகிப் போய்விட்டது. கியர் பெட்டி. மெக்கானிக் கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "லென், இதுல இனிமே ஒரு டாலர் போட்டாலும் அது குப்பையில போட்ட மாதிரிதான்" என்றான். பத்தொன்பது வருட வண்டி. அதன் மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை.

ஆனால் இப்போதா? டிசம்பர் 2-ஆம் தேதி அவள் நெஞ்சில் இருக்கும் புற்றுக்கட்டிக்குக் கதிர் சிகிச்சை ஆரம்பம். முப்பத்து மூன்று நாள், சனி ஞாயிறு தவிர தினமும். மருத்துவமனை அறுபத்திரண்டு மைல். இந்த ஊரில் பஸ் என்று ஒன்று இருந்ததையே மக்கள் மறந்துவிட்டார்கள். நோயாளிகளை ஏற்றிப்போகும் மாவட்ட வண்டிக்குப் பெயர் கொடுத்தேன், பிப்ரவரியில் இடம் வருமாம்.

தக்காளி சூப் அரைக் கிண்ணம். டோஸ்ட் தொடவில்லை.

நவம்பர் 9, சனி

நோரீன் வந்திருந்தாள். அர்லீனின் தங்கை. வாயைத் திறந்தால் என்னைக் குத்தாமல் மூட மாட்டாள், ஆனால் கை நிறையக் கொண்டுவருவாள். இன்று ஒரு பாத்திரம் முட்டைக்கோஸ் உருண்டையும், தன் காரும்.

கார் என்றால் அவளுடைய ஜப்பான் கார். பதினாலு வருடமாக ஓட்டுகிறாள், எண்ணெய் மாற்றியதைத் தவிர ஒன்றும் செய்ததில்லை. மகள் வீட்டோடு போய்விடப் போவதால் அவளுக்கு அது வேண்டாமாம். இரண்டாயிரத்துக்குக் கொடுக்கிறாள், அதுவும் முடிந்தபோது கொடுத்தால் போதும் என்கிறாள்.

வேண்டாம் என்றேன்.

"அது காரு, லென். கட்சி இல்ல. ஓட்டுப் போடச் சொல்லல, ஓட்டத்தான் சொல்றேன்" என்றாள்.

நான் இந்த ஊர்க் கார் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் நின்றவன். எங்கள் யூனியன் கட்டிடத்து வாசலில் இன்னும் அந்தப் பலகை இருக்கிறது. நாம் செய்த கார் என்றால் உள்ளே நிறுத்து, வெளிநாட்டுக் கார் என்றால் வேலிக்கு அப்பால். சின்ன வயதில் உள்ளே நிறுத்தியிருந்த ஒரு ஜப்பான் காரின் நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டவர்களில் நானும் ஒருவன். அந்த ஆள் பனியில் நடந்து போனதைப் பார்த்துச் சிரித்தோம். தொழிற்சாலை மூடி ஐந்து வருடம் ஆகிறது, கூரையில் புல் முளைத்திருக்கிறது. அதனால்தான் இன்னும் விட முடியவில்லை. நாங்கள் செய்த காரை நாங்களே வாங்காவிட்டால் அது வெறும் தகரம் என்றுதானே ஆகும்?

அர்லீன் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நோரீன் போனபிறகு, "எனக்கு ஓடுற வண்டியா இருந்தாப் போதும்" என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 16, சனி

வாங்கிவிட்டேன்.

லின்னெட். நீலம். எங்கள் தொழிற்சாலையில் செய்ததிலேயே சின்ன கார். விற்றவர் இரண்டாயிரத்து முந்நூறு கேட்டார், நூற்றைம்பது குறைத்தார். பக்கத்து ஊரில் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவர், பேச்சு மரியாதையாக இருந்தது. மூச்சு புகையாக வரும் குளிரில் நான்கு கண்ணாடியையும் இறக்கி வைத்திருந்தார். முன்கண்ணாடியில் பைன் மரம்போல வெட்டிய வாசனை அட்டைகள், ஒன்றல்ல, மூன்று. நாய் வளர்த்தோம், அந்த வாடை என்றார். தரையில் புது ரப்பர் விரிப்பு.

கீழே படுத்துப் பார்த்தேன், துரு பரவாயில்லை. எஞ்சின் சத்தம் சுத்தம். அப்புறம் ஓட்டுநர் கதவைத் திறந்து அந்தச் சின்ன ஒட்டுத்தாளைப் படித்தேன். எங்கள் தொழிற்சாலை எண். பதினோரு வருடத்துக்கு முந்தைய மே மாதம்.

மே என்பதை இரண்டு முறை படித்தேன். கதவைச் சாத்திவிட்டேன். இந்தக் கார் என் முன்னால் போயிருக்கிறது, என் கை இதன்மேல் பட்டிருக்கிறது என்பதை மட்டும் நினைத்துக்கொண்டேன். கண் கலங்கியது என்று இங்கே மட்டும் எழுதலாம்.

அர்லீன் வாசலில் நின்று பார்த்தாள். "கலர் நல்லா இருக்கு" என்றாள்.

நவம்பர் 21, வியாழன்

யூனியன் கட்டிடத்தில் ஓய்வு பெற்றவர்களின் காலை உணவு. லின்னெட்டை வாசலுக்கு நேரே நிறுத்தினேன். இரண்டு பேர் கூரையைத் தட்டிக்கொடுத்தார்கள்.

கஸ் வெளியே வந்து சுற்றிப் பார்த்தான். கஸ்ஸும் நானும் ஒரே இடத்தில் எதிரெதிரே நின்றவர்கள். எங்கள் வேலை சீலர் போடுவது, அதாவது முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் பசை அடைப்பது. ஓட்டுநர் பக்கம் கஸ், மறுபக்கம் நான். ஒரு காருக்கு நாற்பத்திரண்டு விநாடி.

அவனும் கதவைத் திறந்து ஒட்டுத்தாளைப் படித்தான்.

"மே-யா?" என்றான்.

"மேதான்."

சரி, எழுதியே விடுகிறேன். அந்த மே மாதம் கம்பெனி இரண்டாம் ஷிப்டை எடுத்துவிட்டது. அறுநூறு பேர் வீட்டுக்குப் போனார்கள், அதில் என் அண்ணனும் உண்டு. வேலைநிறுத்தம் செய்ய ஒப்பந்தம் இடம் கொடுக்கவில்லை. அதனால் நாங்கள் சிலர் வேறு ஒன்று செய்தோம். ஆளாளுக்குப் பத்துக் காருக்கு ஒன்று என்று எண்ணி, அந்த ஒன்றில் பசைத் துப்பாக்கியைக் காட்டினோம், விசையை அழுத்தவில்லை. மேலே பெயிண்ட் வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து மழை உள்ளே வரும், கம்பெனியின் பெயர் நாறும். மூன்று வாரம் செய்தோம். எனக்கு அப்போது சந்தோஷமாகவே இருந்தது.

கஸ் என் முதுகில் தட்டினான். "பத்துல ஒண்ணுதான்யா. அது உனக்குன்னு பாத்தா வரப்போவுது?"

முட்டையும் பன்றி இறைச்சியும் ஆறிப்போயிருந்தன. இருந்தாலும் சாப்பிட்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

முதல் நாள். நல்ல வெயில். போக எழுபது நிமிடம், உள்ளே பதினைந்து நிமிடம், வர எழுபது. வண்டி பஞ்சுபோல ஓடியது. அவள் வழியெல்லாம் பேசினாள். நோரீனுக்கு ஃபோன் செய்து, "லென்னோட காரு சமத்து" என்றாள், எனக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாக.

டிசம்பர் 5, வியாழன்

ஈரப்பனி. உள்பக்கக் கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருக்கிறது. ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். வாசனை அட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டேன். இப்போது வாடை தெரிகிறது. அது நாய் வாடை இல்லை.

டிசம்பர் 9, திங்கள்

அர்லீன் ரொட்டி வரும் பிளாஸ்டிக் பையைக் காலில் மாட்டி, அதற்குமேல் பூட்ஸ் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சிறு வயதில் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் அம்மாக்கள் அப்படித்தான் மாட்டிவிடுவார்கள், பனித்தண்ணீர் காலில் ஏறாமல் இருக்க. என்ன, மறுபடி ஸ்கூலுக்குப் போறியா என்று கிண்டல் செய்தேன். சிரித்தாள். மருத்துவமனை வாசலில் பனி சொதசொதவென்று கிடக்கிறது, அதனால் என்றாள்.

எடை நான்கு பவுண்டு குறைந்திருக்கிறது.

டிசம்பர் 11, புதன்

இரவெல்லாம் மழை. காலையில் சாவியைத் திருப்பினால் விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னுகின்றன, எஞ்சின் அசையவில்லை. மருத்துவமனைக்குச் சொன்னேன். ஒரு நாள் போனால் கடைசியில் சேர்த்துக்கொள்வோம் என்றார்கள்.

டிசம்பர் 12, வியாழன்

இன்றும் இல்லை. மதியம் வெயில் வந்ததும் தானாகவே ஸ்டார்ட் ஆனது. எனக்குத் தெரியும் இது என்ன என்று. தெரியாது என்று வைத்துக்கொள்கிறேன். பேட்டரியை மாற்றினேன்.

டிசம்பர் 16, திங்கள்

மழை. அவளே வேண்டாம் என்றாள், களைப்பாக இருக்கிறதாம். சரி என்றேன்.

டிசம்பர் 18, புதன்

மறுபடி மழை, மறுபடி களைப்பு. நான்காவது நாள் வீணாகிவிட்டது. நான் சத்தம் போட்டேன். உனக்கு உடம்பு தேறணும்னு ஆசை இருக்கா இல்லையா என்று கேட்டுவிட்டேன். அவள் படுக்கையறைக்குப் போய்விட்டாள். மழை பெய்தால் மட்டும் ஒருத்திக்குக் களைப்பு வருமா? எனக்குப் புரியவில்லை.

டிசம்பர் 25, புதன்

நோரீன் வீட்டில் சாப்பாடு. அர்லீன் இரண்டு பியரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டாள். இரண்டையும் நான் எண்ணினேன்.

டிசம்பர் 27, வெள்ளி

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டது. விளக்கு, ஹீட்டர், எல்லாம் ஒரே நொடியில் போனது. வேகம் இருந்ததால் ஓரமாக ஒதுக்க முடிந்தது. மழையும் பனியும் சேர்ந்து அடிக்கிறது. பெரிய லாரி ஒவ்வொன்றும் போகும்போது கார் ஆடுகிறது. இழுவை வண்டி வர ஒரு மணி ஐம்பது நிமிடம். என் கோட்டையும் அவள்மேல் போட்டேன். அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. இருமல் வந்தால் அடங்குவதற்கே அஞ்சு நிமிஷம் ஆவுது. நான் என்ன பண்ணுவேன்? கையைத் தேய்ச்சுவிட்டேன். காலைத் தேய்க்கப் போனேன், வேண்டாம்னு இழுத்துக்கிட்டா. ஏன்னு கேட்கத் தோணலையே எனக்கு, முட்டாளுக்கு.

இழுவை வண்டிக்காரர் அவளைத் தூக்கித்தான் தன் வண்டியில் ஏற்றினார்.

டிசம்பர் 31, செவ்வாய்

நேற்றும் இன்றும் போகவில்லை. காய்ச்சல். மொத்தம் ஏழு நாள் வீண்.

ஜனவரி 2, வியாழன்

அவள் தூங்கும்போது காரின் அடிவிரிப்பைக் கிழித்தேன்.

முதலில் அர்லீன் பக்கத்து இருக்கையைக் கழற்றினேன். அடியில் ரொட்டிப் பைகள், பதினோரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியையும் ஒழுங்காகச் சுருட்டி, என் கண்ணில் படாத ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறாள். சிலவற்றில் தண்ணீர் இருந்தது.

ரப்பர் விரிப்பு பார்வைக்குக் காய்ந்துதான் இருக்கிறது, கால் வைத்து அழுத்தினால் ஓரமெல்லாம் தண்ணீர் மேலே ஏறுகிறது. அதற்குக் கீழே கம்பளத்தை அழுத்தினால் என் மணிக்கட்டுவரை தண்ணீர் வருகிறது. கம்பளத்துக்கு அடியில் ஒயர்களெல்லாம் பச்சைக் களிம்பு ஏறி அரித்திருக்கின்றன, மழை நாளில் வண்டி நின்றது இதனால்தான். மறுபக்கம், நான் உட்கார்ந்து ஓட்டும் பக்கம், சருகுபோலக் காய்ந்து கிடக்கிறது. கஸ் தன் பக்கத்தை ஒழுங்காகச் செய்திருக்கிறான்.

பிறகு கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். இணைப்பு வெறும் தகடு. பெயிண்ட் மட்டும் இருக்கிறது. ஒரு நூல்கூடப் பசை இல்லை. துப்பாக்கியை நான் காட்டின இடம், விசையை அழுத்தாத இடம். என் இடம்தான். வேற எவன் கையும் அங்க வரல.

ஒரு மாதமாக அவள் கால் அந்தத் தண்ணீரில் இருந்திருக்கிறது. சொல்லவில்லை. நான் அந்தக் காரைப் பார்த்து எப்படி நின்றேன் என்பதை அவள் வாசலில் இருந்து பார்த்தாளே.

நோரீனைக் கூப்பிட்டேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "மழை நாள்ல வர பயமா இருக்குன்னு எங்கிட்ட சொன்னா. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா" என்றாள். நாளையிலிருந்து அவளே வந்து கூட்டிப்போகிறாளாம்.

மாலையில் அர்லீனிடம் சொல்லிவிட்டேன். ஈரம் கண்டுபிடித்ததை மட்டுமல்ல, மே மாதம், பத்துக்கு ஒன்று, எல்லாவற்றையும். முப்பத்து நாலு வருடக் கல்யாணத்தில் இதை நான் சொன்னதில்லை. அவள் தலையணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அந்தக் காரை யாரு வாங்குவாங்கன்னு நெனச்சே?" என்று கேட்டாள்.

"யாரோன்னு நெனச்சேன்."

"யாரோதான் நான்" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

ஜனவரி 3, வெள்ளி

நோரீன் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். அந்த ஜப்பான் காரில் ஹீட்டர் காலடியில் சூடாக வருகிறது. பத்து மைல் போவதற்குள் அர்லீன் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். திரும்பும்போதும் தூங்கினாள். நோரீன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள், ஒரு வார்த்தை குத்தவில்லை. அவள் குத்தாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

காலை உணவுக்குப் போனேன், கஸ்ஸிடம் சொல்வதற்காக. அவன் முகம் வெளுத்துவிட்டது. தான் எத்தனை காரை அப்படி விட்டான் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். நூற்றுக்குமேல் போனதும் நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், கைக்குழந்தையோடும் இருப்பார்கள்.

ஜனவரி 30, வியாழன்

முப்பத்து மூன்றாவது நாள் முடிந்தது. ஜனவரி 17-இல் முடிந்திருக்க வேண்டியது. கடைசி நாள் என்று அங்கே ஒரு மணியை அடிக்கச் சொல்கிறார்கள். அர்லீன் கயிற்றை என் கையில் கொடுத்து, எனக்குக் கையில் வலுவில்லை, நீ அடி என்றாள். அடித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிப்ரவரி 27, வியாழன்

ஸ்கேன் முடிவு. கட்டி சுருங்கவில்லை. கல்லீரலிலும் இருக்கிறது.

எட்டு நாள் விட்டுப்போனதால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பேனாவை மூடித் திறந்தார். தொடர்ந்து செய்வது நல்லதுதான், ஆனால் உங்கள் மனைவி விஷயத்தில் அதனால்தான் என்று சொல்ல முடியாது என்றார். அதனால் இல்லை என்று சொல்லுங்கள் என்றேன். அதையும் சொல்ல முடியாது என்றார். அர்லீன் என் சட்டைக் கையைப் பிடித்து எழுப்பினாள்.

மார்ச் 19, புதன்

அரை ஸ்பூன் ஆப்பிள் கூழ்.

மார்ச் 28, வெள்ளி

கால்கள் எப்போதும் சில்லென்றிருக்கின்றன. கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுவிட்டு, என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "இப்ப சூடா இருக்கு, போதும் லென்" என்கிறாள். நான் விடவில்லை.

ஏப்ரல் 12, சனி

அர்லீனின் அடக்கம் முடிந்து யூனியன் கட்டிடத்திலேயே சாப்பாடு வைத்தார்கள். முட்டைக்கோஸும் நூடுல்ஸும், ஹாம், பெண்கள் சுட்டுக்கொண்டுவந்த கொட்டை ரொட்டி. கல்லறையிலிருந்து நோரீனின் காரை நான்தான் ஓட்டி வந்தேன். நோரீன், வேலிக்கு அப்பால நிறுத்திடு, இன்னைக்கு எதுக்கு வம்பு என்றாள். பலகையைத் தாண்டி உள்ளே போய் வாசல் படிக்கு நேரே நிறுத்தினேன். வாசலில் நின்ற ஆண்கள் எல்லாரும் பார்த்தார்கள். கஸ் வந்து நோரீன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

மே 4, ஞாயிறு

லின்னெட்டை ஒருவன் அறுநூறுக்குக் கேட்டான். இழவு வீடு என்று தெரிந்துதான் குறைத்துக் கேட்கிறான். விற்பதாக இல்லை என்றேன். உடைசல் கடைக்கும் அனுப்ப மனமில்லை. அவள் பூட்ஸ் இன்னும் வாசலிலேயே இருக்கிறது.

மே 14, புதன்

கடையில் ஒரு குழாய் சீலர் ஏழு டாலர்.

மூடியைக் கழற்றி, இணைப்பைச் சுரண்டி, துடைத்து, முடி உலர்த்தும் அவளுடைய மிஷினால் காயவைத்தேன். அதற்கே காலை முழுதும் போனது. பிறகு துப்பாக்கியை எடுத்து மூலையில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். தொழிற்சாலை மூடி இத்தனை வருடம் கழித்தும் கை தானாகப் போகிறது. நடுவில் ஒரு வளைவு வரும், அங்கே கொஞ்சம் மெதுவாக, அப்புறம் நேராக ஓரம்வரை.

முப்பத்தெட்டு விநாடி. நாலு விநாடி மிச்சம்.

ராத்திரி முழுக்கக் காயட்டும்.

மே 15, வியாழன்

நோரீனை வரச் சொன்னேன். அவள் கையில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைக் கொடுத்து, கண்ணாடிக்குக் கீழே, இந்தப் பக்கமாக, நான் சொல்லும்வரை அடி என்றேன். உனக்குப் பைத்தியமா என்று கேட்கவில்லை. குழாயைத் திறந்தாள்.

கம்பளம் இல்லை, வெறும் தகடுதான். ஷூவைக் கழற்றிவிட்டு அர்லீன் பக்கம் ஏறி உட்கார்ந்து, வெறும் சாக்ஸோடு காலைக் கீழே வைத்தேன். கண்ணாடி முழுவதும் தண்ணீர் வழிந்தது, வெளியே நோரீன் கலங்கலாகத் தெரிந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

"போதுமா லென்?" என்று கத்தினாள்.

இன்னும் கொஞ்சம் என்றேன். குனிந்து சாக்ஸைத் தொட்டுப் பார்த்தேன். நோரீன் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.